ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாமாவுக்கு

என் உயிரான மாமாவுக்கு,

சரசு எழுதுகிறேன். நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. போன வாரம் திதி முடிந்தது. அடுத்த மாதம் தமிழ்ச் சங்கத்துத் தம்பிகள் உங்களுக்கு விழா எடுத்து நினைவு மலர் போடுகிறார்கள். "அக்கா, அண்ணனைப் பத்தி நீங்களும் எழுதணும்" என்று வீட்டுக்கே வந்து கேட்டார்கள். எட்டாவதோடு நின்றவளுக்கு என்ன எழுத வரும் என்றேன். "மனசுல இருக்கறத அப்படியே எழுதுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

கோபம்தான் இருக்கிறது மாமா. அழுது தீர்த்தால் போய்விடும் என்றார்கள். அழுகை தீர்ந்துவிட்டது, கோபம் தீரவில்லை.

மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததை எல்லாம் ஹசீனா எனக்குப் படித்துக் காட்டினாள். கீழக்கரைப் பெண், பருத்தி அரைக்கிற ஜின் மில்லுக்குப் பக்கத்து அபார்ட்மெண்டில் இருக்கிறாளே, அவள்தான். எல்லாரும் உங்களை முன்னோடி என்று எழுதியிருக்கிறார்கள். டல்லாசுக்கு வடக்கே, பருத்திக் காடும் தண்ணீர்த் தொட்டியும் தவிர ஒன்றுமில்லாத இந்த ஊருக்கு வந்த முதல் தமிழர் நீங்களாம். பொய் இல்லை. திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டியோடு அலைந்தவர், இங்கே எண்ணெய்க் கிணறு தோண்டுகிற கம்பெனிக்கு மெஷின் பார்க்க வந்தீர்கள். சுப்பிரமணியம் என்கிற பெயர் இவர்கள் வாயில் நுழையாமல் சாம் ஆனீர்கள். முதலில் வந்தவர் நீங்கள்தான். இரண்டாவதாக, இடுப்பில் ரெண்டு வயசு கவிதாவோடு வந்தவள் ஒருத்தி உண்டே, அவளைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருந்தாலும் சட்னி நன்றாக அரைப்பாள் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

அதற்காக எனக்குக் கோபம் இல்லை. சட்னி நன்றாகத்தான் அரைப்பேன்.

நம் ரெண்டு பேரைத் தவிர இங்கே தமிழ் பேச ஆளே இல்லாத காலம் எவ்வளவு நீளம் மாமா. அப்புறம் ரிச்சர்ட்சன் பக்கம் டெலிபோன் கம்பெனிகள் பெருகின. தமிழ்ப் பிள்ளைகள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வந்தார்கள். அங்கே வாடகை கட்டாது என்று இங்கே வந்து அபார்ட்மெண்ட் எடுத்தார்கள். ஏர்ப்போர்ட்டுக்குப் போய்க் கூட்டிவந்து, நம் வீட்டில் படுக்க வைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே காரில் உட்கார வைத்துவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை காட்டன் ஜின் மூடியிருக்கும். லாரிகள் நிற்கிற அந்தப் பெரிய காலி இடம்தான் உங்கள் பள்ளிக்கூடம். டேஷ்போர்டில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைப்பீர்கள். ஒரு சொட்டு சிந்தக் கூடாது.

"தம்பி, பிரேக்க மிதிக்காதே, தடவு. பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டா எப்படித் தடவிக் குடுத்துப் பேசுவ? அப்படி."

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைண்ணா."

"அதான் வண்டி குதிக்குது."

பக்கத்தில் நிழலில் நின்று நான் இட்லிப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருப்பேன். எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பேன். நீங்கள் பேசினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது.

எனக்கும் ஒரே ஒரு நாள் சொல்லிக் கொடுத்தீர்கள். வந்த புதிதில். நம் தெருவிலேயே, நான் ஸ்டியரிங்கைத் திருப்பத் தெரியாமல் திருப்பி, பக்கத்து வீட்டு டோரத்தி அம்மா வாசலில் நட்டிருந்த தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டேன். அந்த அம்மா கோபிக்கக்கூட இல்லை. நீங்கள் என்னை இறங்கச் சொல்லிவிட்டு ஸ்டியரிங் பக்கம் வந்து உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான், பாடம் முடிந்தது. அதன் பிறகு எப்போது கேட்டாலும், "உனக்கு எதுக்கு அம்மிணி அந்த வம்பு?" பொங்கலோ, பிறந்த நாளோ, வீட்டில் நாலு பேர் கூடினால் அந்தக் கதை வந்துவிடும். "எங்க அம்மிணி ஓட்டினா போஸ்டாபீசுக்கே போக வேண்டாம். தபால் பெட்டி தானா வண்டிக்குள்ள வந்துரும்." நான் பஜ்ஜித் தட்டோடு நின்றுகொண்டு அதற்கும் சிரித்தேன். எத்தனை தடவை மாமா? உங்களுக்கு அந்தக் கதை சலிக்கவே இல்லையா?

எனக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். நகை, புடவை எல்லாம் வாங்கிக் கொடுத்தீர்கள். ஆனால் ஒரு கேலன் பால் தீர்ந்தால் நீங்கள் ஷிப்டு முடிந்து வர வேண்டும். கோயிலுக்கு உங்களுக்கு லீவு கிடைக்க வேண்டும். ஒரு நாள் பொறுக்காமல் கடைக்கு நடந்தே கிளம்பினேன். ரோட்டில் மனுஷர் நடந்து போனாலே இங்கே விசித்திரம். போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, உடம்புக்கு ஏதாவதா, யாராவது அடித்தார்களா என்று விசாரித்து, வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அதையும் நீங்கள் கதையாக்கினீர்கள். போலீஸ் பாதுகாப்போடு பால் வாங்கப் போனாளாம் சரசு.

இனி அந்தக் காலையைப் பற்றி எழுதுகிறேன். தம்பிகளா, இதை வெட்டாமல் போடுங்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். சட்டை முழுக்க வேர்த்திருந்தது. போனை எடுத்தேன். கையில் இருந்து வாங்கி வைத்தீர்கள்.

"ஆம்புலன்ஸ் எல்லாம் வேண்டாம் அம்மிணி. தெருவே வெளிய வந்து நிக்கும். நானே ஓட்டீட்டுப் போயிர்றேன்."

அந்தத் தம்பிகளில் யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வாரமெல்லாம் உழைக்கிற பிள்ளைகள், தூங்கட்டும் என்றீர்கள். நெஞ்சு வலிக்கிற நேரத்திலும் அவர்கள் தூக்கத்தை நினைத்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வரப் போகிறவளை நினைத்தீர்களா?

ஆஸ்பத்திரி ரோட்டில் சோளக் காட்டுக்கு நடுவில் உங்கள் கை நழுவியது. அப்போதும் வண்டியை ஓரம் கட்டினீர்கள். கியரைப் பார்க்கில் போட்டு, பின்னால் வருகிறவன் மோதிவிடக் கூடாது என்று அந்த மினுக்கு விளக்கைக்கூடப் போட்டீர்கள். அப்படி ஒரு டிரைவர் நீங்கள். அப்புறம் என் தோளில் சாய்ந்தீர்கள்.

வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது மாமா. டாங்க் நிறைய பெட்ரோல். ரோடு காலி. நீங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தீர்கள், அது என் கழுத்தில் பட்டது. நீங்கள் வாங்கி வைத்த போன் வீட்டிலேயே கிடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஹாரனை அமுக்கினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஹாரனை அமுக்குவதும், இறங்கி ரோட்டில் நின்று முந்தானையை ஆட்டுவதும், மறுபடி ஏறி உங்கள் முகத்தைத் துடைப்பதுமாக இருந்தேன். ஒரு பிக்கப் வண்டி வந்து, ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இறங்கி, நம் காரிலேயே உங்களைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் போட்டு, நான் பின்னால் ஏற, அவர் ஓட்டிக்கொண்டு போனபோது என் கழுத்தில் பட்ட மூச்சு நின்றுவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் நீளமாக ஏதோ சொன்னார். "மினிட்ஸ்" என்கிற ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. மற்றதைக் கவிதாவிடம்கூட நான் அர்த்தம் கேட்கவில்லை.

உங்களுக்குக் கும்பிடு போட வந்த கூட்டத்தில் ஒவ்வொருத்தரும் எழுந்து பேசினார்கள். "நான் முதல் முதலா ஸ்டியரிங் பிடிச்சது அண்ணன் கையாலதான்." "இன்னிக்கு நான் டிரைவ் பண்றேன்னா அண்ணன்தான் காரணம்." முன் வரிசையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். ஒருவர் காரின் பின் சீட்டில் என்னைக் கூட்டிவந்தார்கள், இன்னொருவர் காரின் பின் சீட்டில் திருப்பி அனுப்பினார்கள்.

கவிதா குடியிருக்கிற பிளெய்ன்ஸ்பரோ கிழக்குக் கரையில், பிளேனில் போகிற தூரம்; அங்கே இருந்து தினம் போன் செய்தாள். தன் அபார்ட்மெண்ட் பெரிசு, ஒரு ரூம் காலியாக இருக்கிறது, தன் குழந்தையையும் டேகேரில் விட வேண்டியிருக்காது என்றாள். இந்த வீட்டை விற்றுவிடலாம், வருஷத் திதிக்கு வரும்போது கையெழுத்துப் போட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். "அம்மா, யூ கான்ட் ஈவன் பை மில்க்" என்றாள். அவள் தப்பாகச் சொல்லவில்லை. திருச்செங்கோட்டில் இருந்து கிளம்பும்போதும் யாரும் என்னைக் கேட்கவில்லை. இப்போதும் பெட்டியோடு பெட்டியாக என்னைத் தூக்கி வைக்கப் போகிறார்கள். இந்த மண்ணில் கறிவேப்பிலையைக் குளிருக்குக் கராஜிலும் வெயிலுக்கு வாசலிலும் தூக்கித் தூக்கி வைத்துப் பிழைக்க வைத்தவள் நான். டோரத்தி அம்மாவுக்கு ரசம் பழக்கியவள் நான். இது என் ஊர். என் வீடு. ஆனால் ஓட்டத் தெரியாதவளுக்கு இந்த ஊரில் வீடு இருந்து என்ன, இல்லாமல் என்ன?

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் ஹசீனா கடைச் சாமான் கொண்டுவந்தாள். நான் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் சொன்னாள். அவள் வந்த புதிதில் விசா காரணத்தால் வேலைக்கும் போக முடியாமல், ஓட்டவும் தெரியாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கிடந்தாளாம். அவள் வீட்டுக்காரர், நான்தான் கூட்டிட்டுப் போறேனே, அப்புறம் எதுக்கு என்று சொல்லிவிட்டாராம்.

"அண்ணன்தாங்க்கா எங்க வீட்டுக்காரர்கிட்ட சண்டை போட்டாங்க."

"என்னன்னு?"

"'மாப்ளே, இந்த ஊர்ல ஓட்டத் தெரியாத பொம்பளைக்குக் கால் இல்லைன்னு அர்த்தம். பூட்டி வெக்கறதுக்கா கட்டிக்கிட்டு வந்தே? நாளைக்கு உனக்கே ஒண்ணுன்னா அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?'னு கேட்டாங்க. அவர் முகம் செத்துப்போச்சு. மறு ஞாயிறே என்னைய அனுப்பி வச்சிட்டாரு."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

அதுவரை ஒரு சமாதானம் வைத்திருந்தேன் மாமா. பாவம், அவருக்கு அப்படித் தோன்றவே இல்லை, ஆம்பளை மனசு, விட்டுவிட்டார் என்று. தோன்றியிருக்கிறது. தெளிவாகத் தோன்றியிருக்கிறது. நாளைக்கு உனக்கே ஒண்ணுன்னா என்று இன்னொருத்தன் வீட்டு வாசலில் நின்று கேட்டிருக்கிறீர்கள். அதைக் கேட்டுவிட்டு நேராக நம் வீட்டுக்குத்தானே வந்தீர்கள்? நான்தானே உங்களுக்குச் சோறு போட்டேன்? அந்த ராச்சோறு எப்படி இறங்கியது?

என் முகத்தைப் பார்த்து ஹசீனா பயந்துவிட்டாள். தப்பா ஏதாவது சொல்லிட்டேனா அக்கா என்றாள். தப்பு உன்னுது இல்லை என்றேன். அப்புறம் கேட்டேன்.

"எனக்குக் கத்துக் குடுப்பியா கண்ணு?"

"எப்பங்க்கா?"

"அடுப்ப அணைச்சிட்டு வர்றேன்."

உங்கள் நீலக் கார் கராஜில் பாட்டரி செத்துக் கிடந்தது. ஒரு தம்பி வந்து வயர் போட்டுக் கிளப்பிக் கொடுத்தான். யாரு அக்கா ஓட்டப் போறாங்க என்று கேட்டான். சாவியை அவன் கையில் இருந்து வாங்கிக்கொண்டேன். அதே ஜின் வாசல். ஹசீனா பிஸ்மில்லா சொல்வாள், நான் முருகா என்பேன், அப்புறம்தான் சாவியைத் திருப்புவோம். பிரேக்கை மிதித்தால் ரெண்டு பேர் தலையும் கண்ணாடி வரை போய்வந்தது. "மிதிக்காதீங்கக்கா, தடவுங்க" என்றாள். உங்கள் வார்த்தையை நான் அவள் வாயில் இருந்து வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. டம்ளரையும் எடுத்து வந்திருந்தாள். அண்ணன் இப்படித்தான் சொல்லிக் கொடுப்பார் என்றாள். அதெல்லாம் வேண்டாம் கண்ணு என்றேன். சிந்தினால் நான்தானே துடைக்கப் போகிறேன், இத்தனை காலம் துடைத்தது போதும்.

எழுத்துப் பரீட்சைக்கு அவள் வரி வரியாகப் படித்து அர்த்தம் சொன்னாள். பாதி எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. இத்தனை வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவளுக்கு எந்தப் பலகை எங்கே நிற்கிறது என்று தெரியாதா? ஓட்டிக் காட்டுகிற பரீட்சையில் முதல் தடவை தோற்றேன். ஸ்டாப் பலகையில் முழுசாக நிறுத்தவில்லையாம். அன்று வீட்டுக்கு வந்து உங்கள் படத்தைப் பார்த்து, ஏசக் கூடாத வார்த்தை ஒன்று ஏசினேன். இரண்டாம் தடவை பக்கத்தில் உட்கார்ந்த கறுப்பினத்து அம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "யூ டிட் குட், மாம்" என்றாள். லைசன்ஸில் என் படத்தைப் பார்த்தால் நீங்களே பயப்படுவீர்கள். அப்படி முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

கவிதாவிடம் மூச்சு விடவில்லை. திதிக்கு அவள் வருகிற அன்று ஏர்ப்போர்ட்டுக்கு யார் போவது என்று தம்பிகள் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். நானே போகிறேன் என்றேன். "அக்கா, ஃப்ரீவேக்கா..." என்றான் ஒருத்தன். தெரியும் தம்பி என்று வைத்துவிட்டேன்.

வண்டிகள் பறக்கிற அந்தப் பெரிய ரோட்டில் வலது ஓரத்து லேனிலேயே போனேன். பெரிய டிரக் ஒவ்வொன்றும் தாண்டும்போது வண்டி ஆடியது, நானும் ஆடினேன். ஆனால் போய்ச் சேர்ந்தேன்.

கவிதா பெட்டியோடு வெளியே வந்து, டிரைவர் சீட்டில் என்னைப் பார்த்துவிட்டு, பின் சீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று குனிந்து தேடினாள். யார் ஓட்டிக்கொண்டு வந்தது என்று இங்கிலீஷில் கேட்டாள். ஏறு கண்ணு, பின்னால் வண்டி நிற்கிறது என்றேன். கொஞ்ச தூரம் கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஃப்ரீவேயை விட்டு நம் ஊர் ரோட்டில் இறங்கியதும் பிடியை விட்டாள்.

"சோ, யூ ஆர் நாட் கமிங்" என்றாள்.

"வரலை கண்ணு."

அப்புறம், அப்பாவுக்கு எந்த இடத்தில் அப்படி ஆனது என்று கேட்டாள். இந்த ஒரு வருஷத்தில் அவளும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. ஆஸ்பத்திரி ரோட்டில் வண்டியைத் திருப்பினேன். சோளம் அறுத்துவிட்டிருந்தார்கள், ரெண்டு பக்கமும் வெறும் காடு. "இங்கதான்" என்றேன். நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்பியிருக்க மாட்டேன். ரயில் கேட்டைத் தாண்டி, தானியக் குதிர்களைத் தாண்டி, ஒரு வளைவு. எமர்ஜென்சி என்கிற சிவப்பு எழுத்து வந்துவிட்டது. நான் இன்னும் ஒரு பெருமூச்சுக்கூட விட்டு முடிக்கவில்லை.

என்ன பேசினாலும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிற பிள்ளை, தமிழில் கேட்டாள்.

"அவ்வளவுதானா அம்மா?"

"அவ்வளவுதான்."

அந்த ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி, ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவள் அழுதாள். எனக்குப் பதினாறு வயசில் சொல்லிக் கொடுத்தார், ஊரில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தார், உனக்கு மட்டும் ஏன் அம்மா என்றாள். ஏன் மாமா? நான் எங்காவது மோதிச் செத்துவிடுவேன் என்று பயமா? வீட்டில் ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள் என்கிற சுகமா? நான் ஒரு நாள் கிளம்பிப் போய்விடுவேன் என்று நினைத்தீர்களா? எங்கே மாமா போயிருப்பேன், உங்களை விட்டு?

மறுநாள் காலையில் வீட்டை விற்றுக் கொடுக்கிறவருக்கு அவளே போன் செய்து, அம்மா இங்கேதான் இருக்கப் போகிறாள், வர வேண்டாம் என்று சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னாள். என் மகள்தானே.

திதிக்கு உங்களுக்குப் பிடித்த எல்லாம் செய்தேன். பணியாரத்துக்கு வெல்லம் குறைக்கவில்லை. கோபத்தோடு செய்தாலும் கை அதன் ருசியை விடுகிறதா? விழாவில் உங்களை முன்னோடி என்று மேடையில் பேசுவார்கள். நான் போவேன், என் வண்டியில் போவேன். கைதட்டுவேன். நீங்கள் செய்த நல்லதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மன்னிக்கச் சொல்லாதீர்கள். அதற்கு இன்னும் மனசு வரவில்லை.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். இனிமேல் இந்த ஊருக்கு எந்தப் பெண் கல்யாணமாகி வந்தாலும், அந்த வாரமே அவள் வாசலில் என் ஹாரன் சத்தம் கேட்கும். நான்தான் கூட்டிட்டுப் போறேனே ஆன்ட்டி என்று அவள் புருஷன் சொன்னால், அவனையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு அந்த ரோட்டுக்குப் போவேன். அந்த இடத்தில் இருந்து ஆஸ்பத்திரி வரை ஓட்டிக் காட்டுவேன். உங்கள் பெயரைச் சொல்லித்தான் காட்டுவேன் மாமா, மறைக்க மாட்டேன். அவளுக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

கவிதாவுக்குச் சொல்ல ஒரு பதில் உங்களிடம் இருக்கும். நான் அங்கே வரும்போது கேட்பேன். யோசித்து வையுங்கள்.

கோபம் தீராத,
உங்கள் அத்தை மகள்
சரசு